மூன்றாம் நாள் தெரியும் நட்டம்

வெங்காயக் காட்டில் மழைநீர் தேங்கிய முதல் நாள் பயிர் பச்சையாகத்தான் இருக்கும். இரண்டாம் நாளும் பெரிய மாற்றம் தெரியாது. மூன்றாம் நாள் தாள் நுனி பழுக்கத் தொடங்கும். ஒரு தாளைப் பிடித்து இழுத்தால் வேர் மண்ணிலேயே தங்கிவிட, காய் மட்டும் கையோடு வந்துவிடும். அதைக் கண்ணால் முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் நிலத்துக்காரர் அல்ல, களை எடுக்க வந்த கூலிப் பெண். அந்தப் பெண்ணின் பெயர் நட்டக் கணக்கில் எந்த இடத்திலும் வராது. இந்த வாரம் நாம் பேசப்போவது அந்தக் கணக்கைப் பற்றித்தான்.

குண்டடத்தில் நீர்த்தேக்கமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. மலை மறைவில் கிடக்கும் வறண்ட பூமி இது. பி.ஏ.பி. பாசனத்தில் சுமார் 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள். உப்பாறு அணைக்குத் தண்ணீர் கேட்டு விவசாயிகள் எத்தனை முறை போராடியிருக்கிறார்கள் என்பதை இந்த வட்டாரத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வறண்ட ஊரில் பெய்யும் மழை நாள் பார்த்துப் பெய்வதில்லை. 2021 வடகிழக்குப் பருவமழையில் தமிழ்நாட்டில் இயல்பைவிட ஏறத்தாழ 59 விழுக்காடு கூடுதலாகப் பெய்தது. சின்ன வெங்காயத்துக்கு ஐப்பசிப் பட்டம் முக்கியமான பட்டம். விதைக்காய் ஊன்றுவதும் பருவமழை இறங்குவதும் ஒரே மாதத்தில் நடக்கின்றன. ஏக்கருக்கு நூற்றுக்கணக்கான கிலோ விதைக்காயை மண்ணில் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கும் மாதம் அது. வறட்சிக்கு இங்கே அனுபவம் இருக்கிறது, ஆயத்தமும் இருக்கிறது. வடிகாலுக்கு இரண்டும் இல்லை.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். வேளாண்மை படிக்கும் பிள்ளைகள் ஊரில் போய்ச் சொல்ல இது உதவும்.

நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதிதான் மண். மீதி இடைவெளி. அந்த இடைவெளியில் கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் காற்றும் இருக்கும். வேர் சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான். மழைநீர் தேங்கினால் காற்று இருந்த இடத்தையும் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரிலும் ஆக்சிஜன் கரையுமே என்று கேட்கலாம். கரையும். ஆனால் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் தண்ணீரில் ஆக்சிஜன் பரவுகிறது. வேரும் மண்ணில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை ஓரிரு நாளில் தீர்த்துவிடுகின்றன. மண் சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம். குண்டடத்து மண் குளிர்ந்து கிடக்கும் நாள் ஆண்டில் எத்தனை?

ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் சும்மா இருப்பதில்லை, அடுத்த பொருளைத் தேடுகின்றன. முதலில் கைவைப்பது நைட்ரேட்டில். அதை நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் மாற்றிக் காற்றில் விட்டுவிடுகின்றன. கடன் வாங்கிப் போட்ட யூரியா இப்படித்தான் ஆவியாகிறது. அடுத்து மாங்கனீசு, அதன்பின் இரும்பு. செம்மண்ணின் சிவப்பு என்பதே இரும்பு ஆக்சைடு. அது கரையத் தொடங்கினால் மண் சாம்பல் பூக்கும். இன்னும் பல நாள் தேங்கினால் சல்பேட்டின் முறை வரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கடைசியில் மீத்தேன். வெங்காயத்தைக் கொல்ல அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. முதல் இரண்டு மூன்று படிகளே போதும்.

வேரின் நிலை என்ன? ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து 30 அலகுக்கு மேல் ஆற்றல் எடுக்கும் வேர், ஆக்சிஜன் இல்லாதபோது நொதித்தல் முறையில் 2 அலகுதான் எடுக்க முடியும். முப்பது ரூபாய்க் கூலி வாங்கியவர் இரண்டு ரூபாயில் குடும்பம் நடத்துவது போல. சேமித்து வைத்த சர்க்கரை கரைகிறது. மண்ணிலிருந்து சத்தை இழுக்கத் தெம்பு இல்லாமல் போகிறது. தண்ணீரை உள்ளே விடும் வேரின் நுண்வாயில்களும் அடைபடுகின்றன. அதனால்தான் பயிர் தண்ணீரில் நின்றுகொண்டே வாடுகிறது. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றும். வாடுகிறதே என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் கட்டியவர்களும் உண்டு! கீழ் இலைகள் முதலில் மஞ்சளாவதற்குக் காரணம், பயிர் தன்னிடம் இருக்கும் தழைச்சத்தைக் கீழிலையிலிருந்து உருவி மேல் குருத்துக்கு அனுப்புவதுதான். உடனே யூரியாவை எடுத்துத் தேங்கிய நீரில் வீசினால், மண்ணுக்குப் பசித்த நுண்ணுயிருக்குத் தீனி போட்டதாகத்தான் முடியும்.

எல்லாப் பயிரும் ஒன்றுபோல் சாவதில்லை. நெல்லுக்குத் தண்டிலிருந்து வேர்வரை காற்றுக்குழாய் உண்டு. மேலே பிடித்த காற்றைக் கீழே அனுப்பிக்கொள்ளும். அமராவதிப் பாசனத்தில் நெல் தண்ணீரில் நிற்பதற்கும், இருபது மைல் தள்ளி வெங்காயம் தண்ணீரில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மக்காச்சோளம் நடுத்தரம். வளர்ந்த பயிர் சில நாளில் கணுவிலிருந்து புது வேர் விட்டு, வேருக்குள் காற்றறையும் உண்டாக்கிக்கொள்ளப் பார்க்கும். குருத்து முனை மண்ணுக்குள் இருக்கும் இளம் பயிருக்கு அந்த வாய்ப்பு இல்லை. முருங்கைக்குத் தேங்கிய நீர் ஆகவே ஆகாது. மூலனூர்ப் பக்கம் கேட்டால் சொல்வார்கள்.

வெங்காயம் எல்லாவற்றிலும் பலவீனம். அதன் வேர் மேலாகவே ஓடும். வேர்த்தூவிகள் மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டுவது 'வேம்' என்று விவசாயிகள் சொல்லும் வேர்ப் பூஞ்சை. வேரோடு ஒட்டி வாழ்ந்து, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கூலியாகச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். அந்தப் பூஞ்சைக்கும் ஆக்சிஜன் வேண்டும். தண்ணீர் தேங்கினால் கூட்டாளி முடங்குகிறான். ஃபியூசேரியம் போன்ற அழுகல் பூஞ்சைகளுக்கு வழி திறக்கிறது. மழை விட்டு நிலம் காய்ந்த பிறகும் அழுகல் தொடர்வதற்கு இதுவே காரணம். பயறு வகையிலும் இதே கதைதான். உளுந்து, தட்டைப்பயறு, நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் வேலை செய்கிறது. பச்சையோ பழுப்போ ஆகியிருந்தால் நின்றுவிட்டது. பள்ளி மாணவர்களும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது, ஆய்வகம் வேண்டாம்.

கொங்கு மண்ணில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பல இடங்களில் மண்ணில் சுண்ணாம்பு அதிகம். ஈரம் தேங்கும்போது மண்ணுக்குள் அடைபடும் கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து பைகார்பனேட்டைக் கூட்டுகிறது. அது பயிர் இரும்புச்சத்தை எடுப்பதைத் தடுக்கிறது. குருத்து இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்றது வெளிறிப்போனால் அதுதான் நோய். கீழிலை மஞ்சளானால் தழைச்சத்து, குருத்து வெளிறினால் இரும்பு என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு நிலத்தின் அமைப்பு. கரிசல் மண் நனைந்தால் ஊதி வெடிப்பை அடைத்துக்கொள்ளும். செம்மண் தண்ணீரைக் குடிக்கும் என்பார்கள். ஆனால் ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் ரோட்டவேட்டர் ஓடி, டிராக்டர் சக்கரம் அழுத்தி, அரையடிக்குக் கீழே மண் பலகையாக இறுகிக் கிடக்கும் காடுகள் இன்று நிறைய. மேலே சேறு, கீழே புழுதி. உளிக்கலப்பை போட்டு அந்தப் பலகையை உடைக்க வேண்டும் என்று வேளாண் பல்கலைக்கழகம் நெடுநாளாகச் சொல்கிறது. சொந்தமாகக் கலப்பை வைத்திருப்பவருக்கு அது யோசனை. அரை ஏக்கர் வாரத்துக்குப் பிடித்தவருக்கு அது வாடகைச் செலவு.

இங்கிருந்துதான் மண்ணின் கதை சாதியின் கதையாகிறது. தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போகும், அது இயற்கை. கிராமத்தில் யாருக்கு மேடு, யாருக்குப் பள்ளம் என்பதை மழை தீர்மானிக்கவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையை அடுத்து, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க ஆங்கில அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். அப்படிக் கொடுக்கப்பட்டது யாரும் உழாத தரிசு. பண்படுத்திய பிறகு கைமாறிப்போன நிலங்களின் கதை தனி. பின்னாளில் ஒப்படை பெற்றவர்களுக்கும், விலைக்கு வாங்கியவர்களுக்கும் பெரும்பாலும் கிடைத்தது ஓடைக்கரையும் உவர்க்காடும்தான். குடியிருப்பும் அப்படியே. மழை பெய்தால் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் நிற்கும் என்று கேட்டால், எந்த ஊரிலும் ஒரே பதில் வருவது தற்செயல் அல்ல.

மேட்டுக்காட்டுக்காரர் தன் வரப்பை வெட்டிவிட்டால் தண்ணீர் கீழ்க்காட்டில் இறங்கும். 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டப்படி, மேட்டில் விழும் மழைநீர் இயல்பாகக் கீழே ஓடிவரும் உரிமை மேட்டுக்காரருக்கு உண்டு. 'இயல்பாக' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பொக்லைன் வைத்து வாய்க்கால் பறித்து மொத்தத் தண்ணீரையும் ஒரே மூலையில் திருப்புவது இயல்பு ஆகாது. ஆனால் கூலிக்கு வேலை கொடுப்பவரும் மேட்டுக்காரராக இருக்கும்போது, அந்த வழக்கை யார் போடுவது? ஓடைப் புறம்போக்கை அளந்து ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லும் மனுவைக்கூடத் தனியாளாகக் கொடுக்கத் தயங்கும் நிலைதான் பல ஊர்களில் இருக்கிறது.

இனி நட்டக் கணக்குக்கு வருவோம். ஒரே காட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள். பட்டா வைத்திருப்பவர், வாய்ப்பேச்சில் வாரத்துக்கோ குத்தகைக்கோ செய்பவர், கூலிக்குப் போகிறவர். தண்ணீர் மூவரையும் அடிக்கிறது. நிவாரணம் முதலாமவரைத் தேடி வருகிறது. இரண்டாமவருக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இன்றும் ஏட்டில் இருக்கிறது. பயிர்க் காப்பீட்டுத் திட்டமும் குத்தகைதாரர், வாரதாரர் சேரலாம் என்றுதான் சொல்கிறது. அடங்கலில் பெயர் ஏற வேண்டுமே! குத்தகையை எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று நிலத்துக்காரர் பயப்படுகிறார். எழுதிக் கேட்டால் நிலமே கிடைக்காது என்று செய்பவர் பயப்படுகிறார். இரண்டாவது பயம்தான் பெரிது.

காப்பீட்டில் இன்னொரு முடிச்சும் உண்டு. நீர் சூழ்ந்து தனி நிலத்தில் ஏற்படும் இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். செயலி வழியாகவோ 14447 என்ற எண்ணிலோ சொல்லலாம். மண்ணுக்குள் நடப்பதை மேலே பார்த்தோம். பயிர் காட்டிக்கொடுப்பது மூன்றாம் நாள். கெடு முடிவதும் மூன்றாம் நாள். ஆகவே இலை பழுக்கக் காத்திருக்காமல் தண்ணீர் நின்ற அன்றே படம் எடுத்துத் தெரிவித்துவிட வேண்டும். வெங்காயம் போன்ற தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயியின் பங்கு 5 விழுக்காடு வரை. தங்கள் குறுவட்டத்துக்கு அந்தப் பருவத்தில் எந்தப் பயிர் அறிவிக்கப்பட்டிருக்கிறது என்பதை விதைக்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. நெல்லுக்கு 2018இல் எடுத்துவிட்ட நீர்சூழ் இழப்பை 2026 காரீப் பருவம் முதல் மீண்டும் சேர்ப்பதாக ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. அமராவதிப் பாசனக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

காப்பீடு இல்லாதவருக்குப் பேரிடர் நிவாரணம். 2022-23 முதல் 2025-26 வரைக்கான விதிமுறைப்படி, 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமானால் மானாவாரிக்கு எக்டருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000 ரூபாய். ஏக்கர் கணக்கில் 3,440, 6,880 என்று வரும். அரை ஏக்கர் மானாவாரிக்காரருக்கு 1,720 ரூபாய். விதைக்காய் செலவில் ஒரு மூலைக்குக்கூட இது காணாது.

மூன்றாமவர் கூலிக்காரர். இவருக்கு ஒன்றுமே இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதே விதிமுறையில் அதிகம் பேசப்படாத ஓர் இனம் இருக்கிறது. பேரிடரில் வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு, இரண்டு பெரியவர் வரை, நூறு நாள் வேலைக் கூலி அளவில் நாள்தோறும் நிவாரணம் கொடுக்கலாம். பொதுவாக 30 நாள் வரை. யார் அந்தக் குடும்பம் என்று கண்டறியும் முறையை மாநில அரசே வகுக்க வேண்டும். 2025-26இல் தமிழ்நாட்டுக்கான நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். இரண்டு பேருக்கு 672. பத்து நாளுக்கு 6,720 ரூபாய். ஒரு ஏக்கர் பாசன நிலத்துக்குக் கொடுக்கும் தொகைக்கு ஏறக்குறைய சமம். நிலம் இழந்த பயிருக்கு ஒரு படிவம் இருக்கும்போது, அந்தப் பயிரில் போன வேலை நாளுக்கும் ஒரு படிவம் இருக்க முடியும் என்பதை இந்த விதி ஒப்புக்கொள்கிறது. படிவம்தான் கிராமத்துக்கு வரவில்லை. வெங்காயத்தில் ஊன்றுவது, களையெடுப்பது, பிடுங்குவது, தாள் அரிவது, பட்டறை போடுவது என்று எல்லாமே கைவேலை. ஒரு காடு அழுகினால் இரண்டரை மாத வேலை அழுகுகிறது. நம் வட்டாரத்தில் அந்த வேலையைச் செய்பவர்களில் அருந்ததியர் பெண்கள் எத்தனை பேர் என்பதைக் கணக்கெடுக்க வருவாய்த் துறைக்கு ஒரு நாள் போதும்.

பனியன் கம்பெனி வண்டி வரும், ஏறிப் போய்விடலாம் என்பார்கள். இளவயதுக்காரர்கள் போகிறார்கள். கைக்குழந்தைக்காரிக்கும் ஐம்பது தாண்டியவருக்கும் அந்த வண்டி நிற்பதில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டபோது திருப்பூரே எப்படித் திணறியது என்பதையும் பார்த்தோம். மிச்சம் இருந்தது நூறு நாள் வேலை. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதுச் சட்டம் கொண்டுவந்தது. நாள் 125 ஆகக் கூடியது. கூடவே விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கும் பிரிவும் வந்தது. ஐப்பசி நடவுக்காலம் என்று முன்கூட்டியே அறிவித்து வேலையை நிறுத்திவிட்ட வாரத்தில் மழை கொட்டிக் காடெல்லாம் சேறானால், தோட்ட வேலையும் இல்லை, அரசு வேலையும் இல்லை. நீர் தேங்கிய ஒன்றியங்களில் இந்த நிறுத்தம் தானாக விலக வேண்டும் என்ற விதியை மாநில அரசு சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

2005ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கும்போதே அதன் முதல் அட்டவணையில் இரண்டு வேலைகள் இருந்தன. நீர் தேங்கும் பகுதிகளில் வடிகால் அமைப்பது ஒன்று. பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களின் நிலத்துக்குப் பாசன வசதி செய்வது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, தலித் மக்களின் பள்ளக்காட்டில் வடிகாலும் பண்ணைக்குட்டையும் வெட்டியிருக்கலாம். பல ஊர்களில் ஓடைக்கரையில் புல் செதுக்கியதோடு சரி.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தபோது, பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. 1945 நவம்பரில் கட்டாக்கில் ஒரிசா ஆறுகளைப் பற்றிய கூட்டத்தில், மிகை நீரை ஒரு தீமையாக நினைத்துக் கடலுக்குத் துரத்துவது தவறு, மனிதரை அதிகம் வாட்டுவது நீர்க்குறைவுதான், எனவே தேக்கி வைக்க வேண்டும் என்று வாதிட்டார். சட்டமேதையாக மட்டும் அவரைத் தெரிந்த மாணவர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும். மகாநதிக்குச் சொன்னது குண்டடத்து அரை ஏக்கருக்கும் பொருந்துகிறது. கார்த்திகையில் வேரை அழுகவைத்த அதே தண்ணீருக்குத்தான் சித்திரையில் லாரியை எதிர்பார்த்து நிற்கிறோம். காட்டின் தாழ்ந்த மூலையில் ஒரு குட்டை, அதை நோக்கி ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு வடிகால், உயர்த்திய பாத்தி. கரிசலுக்கு ஒரு மீட்டர் அகலப் பாத்தியும் அரை மீட்டர் சாலும் என்ற முறையை ஐதராபாத்தில் இருக்கும் இக்ரிசாட் நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே பரிந்துரைத்தது. பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. மண்வெட்டியும் கூலியும்தான் செலவு.

பணத்துக்கு வழி இல்லாமலும் இல்லை. பட்டியல் சாதி, பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்ட நிதியை வேறு பக்கம் திருப்பாமல் செலவிட 2024இல் தமிழ்நாடு சட்டமே இயற்றியிருக்கிறது. தாட்கோவின் நன்னிலம் திட்டத்தில் பெண்கள் நிலம் வாங்க 50 விழுக்காடு, 5 லட்சம் ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. நல்ல திட்டம். ஆனால் மலிவாக விலைக்கு வருவது எந்த நிலம் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். வாங்கும் முன் மூன்றடிக் குழி ஒன்று தோண்டி, தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால், வடிகாலுக்கும் பணம் ஒதுக்கினால் ஒழிய அந்த நிலம் கடன்தான். நில மானியத்தோடு நில மேம்பாட்டையும் தாட்கோ சேர்த்துக் கொடுக்குமானால், வாங்கிய நிலம் கையில் நிற்கும்.

இதையெல்லாம் கேட்கும் இடம் கிராமசபை. நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். இடஒதுக்கீட்டில் வென்ற தலித் தலைவர்களும் அப்போது நாற்காலியை விட்டு இறங்கினார்கள். தலைவர் இல்லை என்றாலும் சபை கூடத்தான் வேண்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் மே 1ஆம் தேதியிலும் நடக்கும் கூட்டங்கள் ஐப்பசிக்கு முன் வடிகால் வேலையைத் திட்டத்தில் ஏற்றப் போதுமான அவகாசம் தருபவை. தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்ல வேண்டியவை: நீர் தேங்கும் காடுகளின் சர்வே எண், அவற்றில் பட்டியல் சாதியினர் உழுபவை எவை, அடைபட்ட ஓடையின் நீளம், கூலியை மட்டும் நம்பியிருக்கும் குடும்பங்களின் பட்டியல். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.